உரோமம் மூடிய மனிதர் மாடியில் இருந்தாரா? ‘ஃபர்’ படமும் டயான் ஆர்பஸின் விழிப்பும்

‘ஃபர்’ படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். டயான் ஆர்பஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் வாழ்க்கையில், படம் காட்டுவதுபோல், உடல் முழுக்க உரோமம் வளர்ந்த ஒரு மனிதர் உண்மையிலேயே இருந்தாரா? இல்லையென்றால், வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு இப்படிக் கதை கட்டலாமா? ஒருவருக்குள் கலை விழித்தெழுவதைப் படம் சரியாகக் காட்டியிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. இரண்டாவதற்கான பதிலைப் படமே தன் தொடக்கத்தில் எழுத்தில் காட்டிவிடுகிறது. மூன்றாவதுதான் நின்று பேச வேண்டியது. கற்பனை செய்ததற்காக இந்தப் படத்தைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கற்பனையைத் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிட்டு, தேவையான இடத்தில் வெறுங்கையோடு நிற்கிறது என்பதே என் குறை.

முதலில் படத்தைப் பற்றிச் சில விவரங்கள். ஸ்டீவன் ஷைன்பெர்க் இயக்கி 2006-இல் வெளிவந்த இதன் முழுப் பெயரிலேயே இது டயான் ஆர்பஸின் ‘கற்பனைச் சித்திரம்’ என்ற அறிவிப்பு இருக்கிறது. திரைக்கதையை எழுதியவர் எரின் கிரெசிடா வில்சன். இவர்கள் இருவரும் 2002-இல் ‘செக்ரட்டரி’ என்ற படத்தையும் சேர்ந்து உருவாக்கியவர்கள். பாட்ரிசியா பாஸ்வொர்த் 1984-இல் வெளியிட்ட ஆர்பஸின் வாழ்க்கை வரலாறு இதற்குத் தூண்டுதல். ஆனாலும், இது வரலாறு அல்ல, ஆர்பஸின் உள்ளத்துக்குள் நடந்திருக்கக்கூடியதைச் சொல்வதற்காகப் பாத்திரங்களையும் சம்பவங்களையும் புனைந்திருக்கிறோம் என்று படம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆர்பஸின் இரு மகள்களுக்கும் படத்தில் வேறு பெயர்களே வைக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ‘இது நடக்கவில்லையே’ என்று வாதிடுவதில் பயனில்லை.

கதை நடப்பது 1958-இன் நியூயார்க்கில். பணக்காரத் தோல்மயிர் வியாபாரியின் மகளான டயான் (நிக்கோல் கிட்மன்), ஃபேஷன் புகைப்படக்காரரான கணவர் ஆலனுக்கு (டை பரல்) உதவியாளராகவும் இரு பெண் குழந்தைகளுக்குத் தாயாகவும் வாழ்கிறார். மேல் மாடிக்கு முகமூடி அணிந்த ஒருவர் குடிவருகிறார். சில நாட்களில் வீட்டுக் குழாயில் கத்தைகத்தையாக மயிர் அடைத்துக்கொள்கிறது. அதற்குள் ஒரு சாவி கிடைக்கிறது. அந்தச் சாவி டயானை மேலே கொண்டு செல்கிறது. அங்கே இருக்கும் லயனல் (ராபர்ட் டவுனி ஜூனியர்) உடல் முழுவதும் உரோமம் வளரும் பிறவிக் குறைபாடு உள்ளவர், ஒரு காலத்தில் காட்சிப்பொருளாக மேடையேறியவர், இப்போது பொய்முடி செய்து பிழைப்பவர். அவர் வழியாகக் குள்ளர்கள், மிக உயரமானவர்கள், கைகளின்றிப் பிறந்தவர்கள், பெண்வேடமிடும் ஆண்கள் என்று நகரத்தின் வேறொரு குடும்பத்தை டயான் சந்திக்கிறார். காதல் வளர்கிறது. லயனலின் நுரையீரல் செயலிழந்து வருகிறது. தன் முடிவைத் தானே தேர்ந்தெடுத்து அவர் கடலுக்குள் நீந்திச் செல்கிறார். டயான் தனியாக ஒரு நிர்வாண முகாமுக்குக் கேமராவோடு போகிறார்.

லயனல் என்ற பெயருக்கு மட்டும் ஒரு வேர் உண்டு. போலந்தில் 1890-இல் பிறந்து, முகமெல்லாம் நீண்ட உரோமம் வளர்ந்த ஸ்டீபன் பிப்ரோவ்ஸ்கி என்பவர், ‘சிங்கமுக மனிதன் லயனல்’ என்ற மேடைப் பெயரில் அமெரிக்க சர்க்கஸ் காட்சிகளில் புகழ்பெற்றிருந்தார். அவர் 1932-இல் இறந்தபோது ஆர்பஸுக்கு ஒன்பது வயது. படத்தின் லயனலுக்கு அவரிடமிருந்துதான் பெயர் வந்திருக்க வேண்டும். மற்றபடி கதை முழுக்கப் புனைவு. சாவி, பூட்டிய கதவு, மேலே ஏறிப் போகும் படிக்கட்டு, மிருக உருவில் கனிவான ஆண் என்று பழைய ஐரோப்பியத் தேவதைக் கதைகளின் சாமான்கள் எல்லாம் இங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன.

படத்தின் நல்ல பகுதியையும் சொல்லிவிட வேண்டும். ஆர்பஸின் தாய்வழிக் குடும்பம் உண்மையிலேயே தோல்மயிர் வியாபாரத்தில் தொடங்கி, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ‘ரஸ்ஸெக்ஸ்’ என்ற பெரிய கடையை நடத்தியது. தந்தை டேவிட் நெமரோவ் அதன் நிர்வாகத்தில் முக்கியமானவராக இருந்தார். படத்தின் ஆரம்பத்தில், விருந்தினர் நிறைந்த ஓர் அறையில் மாடல் பெண்கள் விலையுயர்ந்த ஃபர் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டுகிறார்கள். இறந்த விலங்கின் உரோமத்தைத் தோளில் போட்டுக்கொண்டால் செல்வம், உயிருள்ள மனிதனின் தோலில் அதுவே முளைத்தால் அருவருப்பு என்ற முரணை யாரும் வாய்திறந்து சொல்லாமலே படம் நிறுவிவிடுகிறது. அந்த அறையில் தாயும் தந்தையும் பார்த்துக்கொண்டிருக்க டயானுக்கு மூச்சு முட்டுவது, ஆர்பஸ் தன் இளமையைப் பற்றிப் பிற்காலத்தில் சொன்னதோடு பொருந்துகிறது. பொருளாதார மந்தத்தின் காலத்திலும் தன்னைக் கஷ்டம் எதுவும் தீண்டவில்லை என்பதையே தனக்கு நேர்ந்த ஒரு கஷ்டமாக அவர் கருதினார். எதுவும் நிஜமில்லை என்ற உணர்வு அதிலிருந்துதான் வந்தது என்றார். அப்படிப் பொத்தி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு கதவைத் தட்டுவதே எவ்வளவு பெரிய செயல் என்பதைக் கிட்மன் தயங்கித் தயங்கி, கிசுகிசுத்த குரலில் நன்றாகவே காட்டுகிறார். டவுனியின் நடிப்பு அதைவிடச் சிறந்தது. ஒப்பனைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்த உரோமப் போர்வைக்குள் முகம் முழுக்க மறைந்திருக்க, கண்களையும் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் நகைச்சுவை, கர்வம், களைப்பு மூன்றையும் அவர் கொண்டுவந்துவிடுகிறார்.

இன்னொன்றையும் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. லயனலும் டயானும் பேசுவதெல்லாம் ஒருவர் இரகசியத்தை மற்றவர் வாங்குவதும் தன்னுடையதைக் கொடுப்பதுமாகவே போகிறது. புகைப்படம் என்பது ஓர் இரகசியத்தைப் பற்றிய இரகசியம், அது எவ்வளவு அதிகமாகச் சொல்கிறதோ அவ்வளவு குறைவாகவே நமக்குத் தெரியவருகிறது என்ற பொருளில் ஆர்பஸ் 1971-இல் எழுதினார். தெருவில் ஓடிப்போய்த் திருட்டுத்தனமாகப் படமெடுப்பவர் அல்ல அவர். பேசி, பழகி, வீட்டுக்குள் அழைக்கப்பட்டு, எதிரே உட்கார்ந்து எடுப்பவர். எனவே நிர்வாண முகாமில் டயான் தானும் ஆடையில்லாமல் அமர்ந்து ஒரு பெண்ணோடு உரையாடத் தொடங்கும் காட்சி, நிகழ்ந்த ஆண்டு தவறாக இருந்தாலும், அவருடைய வேலைமுறைக்கு மிக நெருக்கமானது. அவர் நிஜமாகவே 1963 முதல் அத்தகைய முகாம்களுக்குப் போனார். அங்குள்ள விதிப்படி தானும் அப்படியே இருந்துதான் படமெடுத்தார்.

இனி, குறையைச் சொல்கிறேன். படம் 1958-ஐ ஆர்பஸின் தூக்கத்தின் கடைசி ஆண்டாகக் காட்டுகிறது. உண்மையில் அப்போது அவர் விழித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1923-இல் பிறந்த அவர், பதின்மூன்று பதினான்கு வயதிலேயே தந்தையின் கடையில் வேலை பார்த்த ஆலன் ஆர்பஸைச் சந்தித்து, பதினெட்டாவது வயதில் 1941-இல் மணந்தார். கேமராவை முதலில் கையில் கொடுத்தவரே ஆலன்தான். பெரனிஸ் அபட் என்ற புகைப்படக் கலைஞரிடம் சிறிது காலம் தொழில்நுட்பமும் கற்றார். போருக்குப் பிறகு கணவனும் மனைவியும் இருவர் பெயரிலும் ஒரு ஸ்டுடியோ தொடங்கி, கிளாமர், வோக் போன்ற இதழ்களுக்கு ஃபேஷன் படங்கள் எடுத்தார்கள். யோசனையும் அலங்காரமும் டயானின் பொறுப்பு, கேமராவை இயக்குவது ஆலனின் பொறுப்பு. இருவர் பெயரில் ஒரு படம் 1955-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைகன் தொகுத்த மாபெரும் கண்காட்சியிலும் இடம்பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிகரமான தொழில். இருவருக்கும் அது பிடிக்கவில்லை. 1956-இல் ஒரு நாள் இனிமேல் தன்னால் இதைச் செய்ய முடியாது என்று ஆர்பஸ் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு, தான் தனியாக எடுத்த ஒரு பிலிம் சுருளுக்கு ‘எண் 1’ என்று குறித்தார்.

பத்து ஆண்டு ஸ்டுடியோ அனுபவமும் அதைவிட நீண்ட கேமரா பழக்கமும் உள்ள ஒருவர், இதுவரை எடுத்ததெல்லாம் கணக்கில் இல்லை, இன்றிலிருந்து எண்ணுகிறேன் என்று முடிவுசெய்து ஒன்றாம் எண்ணை எழுதுகிறார். இதைவிடக் கூர்மையான ஒரு விழிப்புக் காட்சியை எந்தத் திரைக்கதை ஆசிரியர் புனைந்துவிட முடியும்? ஒரு மேசை, ஒரு நெகட்டிவ் உறை, ஒரு பேனா இருந்தால் போதும். கற்பனை வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். அந்த எண்ணை எழுதியபோது அவருக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அதைப் புனைய முழு உரிமையும் உண்டு. படமோ குழாயடைப்பையும் சாவியையும் தேடிப் போய்விட்டது.

அடுத்த இழப்பு, லிசெட் மாடல். வியன்னாவில் 1901-இல் பிறந்து, பாரிஸ் வழியாக நியூயார்க் வந்து, அங்கே நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்தில் புகைப்பட வகுப்பு நடத்திக்கொண்டிருந்த இந்தப் பெண்மணியிடம்தான் ஆர்பஸ் 1956-ஐ ஒட்டிய காலத்தில் பயின்றார். எவ்வளவு குறிப்பாகக் காட்டுகிறாயோ அவ்வளவு பொதுவானதாக அது மாறும் என்பதைத் தனக்குத் தெளிவாக்கியவர் தன் ஆசிரியை என்று ஆர்பஸ் பின்னாளில் வகுப்பில் சொல்லியிருக்கிறார். படமெடுக்கவே கூடாது என்று தான் எண்ணியவற்றை, தீயது என்று அஞ்சியவற்றை, எடுக்கும் துணிவு அந்த வகுப்புகளிலிருந்து வந்தது. ஒரு மூத்த பெண் இன்னொரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்த கதை இது. திரையில் அந்த ஆசிரியை இல்லவே இல்லை. அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு காதலர் அமர்த்தப்பட்டிருக்கிறார். ஒரு பெண் கலைஞரின் பிறப்புக்கு ஓர் ஆணின் படுக்கையறை வழியாகத்தான் பாதை போட முடியும் என்ற பழைய வழக்கம் இங்கே தேவதைக் கதையின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. இதுதான் என்னை உறுத்துகிறதே தவிர, உரோமம் அல்ல.

கேமராவுக்கும் இதே கதிதான். படத்தின் பெரும்பகுதியில் கிட்மனின் கழுத்தில் இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று தொங்குகிறது. மேல்மாடிக்காரரைப் படமெடுக்கப் போகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்; நாட்கள் கழிகின்றன, படம் வருவதில்லை. முதலில் பார்க்கக் கற்றுக்கொள்கிறார், எடுப்பது பிறகு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் ஆர்பஸின் விஷயத்தில் பார்ப்பது வேறு எடுப்பது வேறாக இருக்கவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் அவர் பயன்படுத்தியது 35 மி.மீ. கேமரா. அந்தப் படங்களில் பிலிமின் மணிகள், அதாவது அதன் நுண்புள்ளிகள், பெரிதாகத் தெரியும். தெருவின் மங்கலான வெளிச்சத்தில் உருவங்கள் கரைந்து நிற்கும். அது முதலில் அவருக்குப் பிடித்திருந்தது; பிறகு சலித்துப்போனது. தோலுக்கும் துணிக்கும், காற்றுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் காண வேண்டும் என்ற ஆசை வந்தது. 1962-ஐ ஒட்டி அவர் ரோலிஃபிளெக்ஸ் என்ற சதுர பிலிம் கேமராவுக்கு மாறினார். பின்னர் மாமியா என்ற இன்னொரு கேமராவும், பகல் வெளிச்சத்திலேயே ஃபிளாஷ் போடும் பழக்கமும் சேர்ந்துகொண்டன.

இது வெறும் கருவி மாற்றம் அல்ல என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 35 மி.மீ. கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு எடுப்பவரின் முகம் தெரியாது. ரோலிஃபிளெக்ஸை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கலாம். நிமிர்ந்தால் இருவர் முகமும் நேருக்கு நேர். ஆர்பஸின் புகழ்பெற்ற படங்களில் மனிதர்கள் நம்மை அவ்வளவு நேராகப் பார்ப்பதற்கு இந்த அமைப்பு ஒரு பெரிய காரணம். ஃபிளாஷ் வெளிச்சம் அவர்களைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து முன்னால் நிறுத்துகிறது. சதுரச் சட்டம் பக்கங்களில் தப்பிக்க இடம் தராமல் நடுவில் வைக்கிறது. 1962-இல் சென்ட்ரல் பார்க்கில் பொம்மைக் கையெறி குண்டோடு நிற்கும் சிறுவனின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் கான்டாக்ட் ஷீட்டில், அதாவது ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் சிறிதாக அச்சிட்ட தாளில், அதே சிறுவன் மற்ற சட்டங்களில் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். முகம் கோணிய அந்த ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆர்பஸ். எடுப்பதைப் போலவே எடுத்ததிலிருந்து பொறுக்குவதும் அவருடைய கலை. இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் கான்டாக்ட் ஷீட்டைப் பார்த்துத் தன்னையே அறிந்துகொள்ளும் பெண்ணைச் சினிமாவில் காட்ட முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

காலத்தையும் படம் வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. சில மாதங்களுக்குள் சந்திப்பு, காதல், மரணம், ஞானம் எல்லாம் முடிந்துவிடுகின்றன. ஆர்பஸின் வேகம் வேறு. ‘பிராங்ஸில் பெற்றோருடன் வீட்டில் இருக்கும் யூத ராட்சதர்’ என்ற 1970-ஆம் ஆண்டுப் படத்தில், கூரையில் தலை முட்டுமோ என்று குனிந்து நிற்கும் எடி கார்மெலை அவருடைய தாயும் தந்தையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கார்மெலை ஆர்பஸ் ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக அறிந்திருந்தார். முன்பும் எடுத்திருக்கிறார், படம் அமையவில்லை. திரைப்படம் விழிப்பை ஒரு நிகழ்ச்சியாக நினைக்கிறது. கார்மெலின் படத்துக்குப் பின்னால் இருப்பதோ திரும்பத் திரும்ப அதே மனிதரிடம் போய் வந்த பத்து ஆண்டுகள்.

அவருடைய ஆட்கள் யார் என்பதிலும் படம் நம்மைத் திசைதிருப்புகிறது. அவர் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே 42-ஆம் தெருவிலிருந்த, விசித்திர மனிதர்களைக் காட்சிக்கு நிறுத்திய ஹியூபர்ட்ஸ் மியூசியத்துக்குப் போய், அங்கே காட்சிக்கு நின்றவர்களோடு பழகியது உண்மை. ஆனால் 1960 ஜூலையில் எஸ்குயர் இதழில் வந்த அவருடைய ஆறு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹியூபர்ட்ஸில் நடித்தவரும், ஒரு குள்ள நடிகரும், ஆடம்பர நடன விருந்துக்கு வந்த செல்வந்தக் குடும்பத்து இளம் பெண்ணும், மருத்துவமனைப் பிணவறையில் கிடந்த பெயர் தெரியாத ஒருவரின் உடலும் ஒரே வரிசையில் வருகிறார்கள். அந்த விருந்துப் பெண்ணும் மேடைக்காரரும் அவருக்கு ஒரே அளவு வியப்பானவர்கள். பின்னர் 1968-இல் வெஸ்ட்செஸ்டரில் புல்வெளியில் சாய்வு நாற்காலிகளில் படுத்திருக்கும் சாதாரணத் தம்பதியை அவர் எடுத்த விதத்தில், அவர்கள் லயனலின் நண்பர்கள் எவரையும்விட விசித்திரமாகத் தெரிகிறார்கள். படத்தில் கீழ்வீடு சலிப்பு, மேல்வீடு அற்புதம். மேலேயிருப்பவர்கள் எல்லோரும் கனிவானவர்கள், கீழேயிருப்பவர்கள் எல்லோரும் விறைத்தவர்கள். ஆர்பஸ் அந்தப் படிக்கட்டை ஏற்கவே இல்லை. விமர்சகர் சூசன் சான்டாக் 1970-களில் ஆர்பஸைக் கடுமையாக விமர்சித்து எழுதியபோது, பார்ப்பவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று பிறர் துன்பத்தைக் காண்கிறார் என்று குற்றம் சாட்டினார். ஆர்பஸின் படங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது இன்றும் விவாதம். இந்தத் திரைப்படத்தின் மாடி விருந்துக் காட்சிகளுக்கு அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே வருகிறவர்களில் லயனலைத் தவிர யாருக்கும் தனி வாழ்க்கை தரப்படவில்லை.

ஆலனைப் பற்றி ஒரு வார்த்தை. பொறாமையில் தாடி வளர்த்துக்கொள்ளும் கணவராக டை பரல் பரிதாபத்தைச் சம்பாதித்துவிடுகிறார். அது நல்ல நகைச்சுவை. நிஜ ஆலன், பிரிந்த பிறகும் ஆர்பஸுக்கு இருட்டறையும் ஆலோசனையும் கொடுத்துக்கொண்டிருந்தவர். விவாகரத்து 1969-இல்தான் நடந்தது. அவர் பிறகு நடிகராகி, ‘மேஷ்’ தொலைக்காட்சித் தொடரில் மனநல மருத்துவராக நடித்துப் பெயர்பெற்றார்.

படத்தில் ஆர்பஸ் எடுத்த ஒரு புகைப்படம்கூடக் காட்டப்படவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா? அவருடைய படங்களின் உரிமை குடும்பத்தினரிடம் இருக்கிறது. எங்கே, எப்படி அச்சிடலாம் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். பாஸ்வொர்த்தின் நூலும் அவர்களுடைய ஒத்துழைப்பு இல்லாமல் எழுதப்பட்டதே. கலைஞரைக் காட்டலாம், கலையைக் காட்ட முடியாது என்ற நிலையில் கற்பனைக் கதை என்பது இயக்குநரின் துணிச்சலாகவும் இருந்திருக்கலாம், வேறு வழியில்லாமையாகவும் இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், ஆர்பஸை அறியாத ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்து முடிக்கும்போது, இந்தப் பெண் பிறகு எடுத்த படங்கள் எப்படி இருக்கும் என்று ஊகிக்க அவருக்கு எந்தத் துப்பும் கிடைப்பதில்லை.

ஆகவே, அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்டால், ஆர்பஸ் 1971-இல் 48-ஆவது வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட மறு ஆண்டு, அப்பர்ச்சர் பதிப்பகம் வெளியிட்ட 80 படங்களின் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதன் முன்பகுதியில் அவர் வகுப்புகளிலும் பேட்டிகளிலும் பேசியவை தொகுக்கப்பட்டிருக்கின்றன. லிசெட் மாடலைப் பற்றியும் தோலையும் துணியையும் பற்றியும் மேலே நான் சொன்னவை அங்கே அவர் குரலிலேயே கிடைக்கும். 2003-இல் வந்த ‘ரெவலேஷன்ஸ்’ என்ற பெரிய நூல் கடிதங்கள், குறிப்பேடுகள், கான்டாக்ட் ஷீட்டுகள் ஆகியவற்றோடு ஆண்டுவாரியாக அவருடைய வாழ்க்கையைத் தருகிறது. 1956 முதல் 1962 வரையிலான ஆரம்பகாலப் படங்களை மட்டும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2016-இல் தனிக் கண்காட்சியாக வைத்தது; அதன் நூலும் கிடைக்கிறது. விழிப்பைத் தேடுகிறவருக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியம். தெருவில் நடந்துபோகிறவர் சட்டென்று திரும்பிக் கேமராவைப் பார்க்கும் கணங்கள் அந்தச் சிறு படங்களில் நிறைய உண்டு. அவற்றைப் பார்த்த பிறகு ‘ஃபர்’ படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். டவுனியின் நடிப்பு அப்போதும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.